ஒரே பையில் இரண்டு நிறைகற்கள்

தியானப் பகுதி: உபாகமம் 25:13-16, அப்போஸ்தலர் 16:16-24



 இந்த வாரத் தியானம் உங்களில் சிலருக்குக் கசப்பாயிருக்கும். எனக்கும் கசப்பாகவே இருந்தது. ஆகிலும் கசப்பானதைச் சொல்லாமல் விடுவதற்காக நீங்கள் என்னைப் போதகனாக வைத்துக்கொள்ளவில்லை. பொறுமையோடு கடைசிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

சில வாரங்களுக்கு முன்பு, ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி என்னோடு பேசக் காத்திருந்தார். பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றில், மனிதவளப் பிரிவில் பொறுப்பான பதவி வகிப்பவர். இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில், வேறொரு பெயரில், இணையவழியாக டாரட் சீட்டுகளை வைத்துப் பலன் சொல்லிவருவதாகத் தெரிவித்தார். அவருடைய அனுமதியோடேதான் இதை எழுதுகிறேன். அவர் யாரென்று தேடிப்பார்க்கும் வேலையில் யாரும் இறங்க வேண்டாம். அப்படிச் செய்கிறவருடைய பாவம் அவருடையதைவிடச் சிறியதல்ல.

"ஐயா, வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம், சனிக்கிழமை மட்டும் சீட்டு. இரண்டையும் சமநிலையாகக் கொண்டுபோகிறேன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்" என்றார்.

சமநிலை என்ற அந்தச் சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இக்காலத்தில் அது நம்மில் அநேகருக்கு நற்பண்பின் பெயராகிவிட்டது. எதையும் விடாமல் எல்லாவற்றையும் செய்துகொண்டிருப்பவரைச் சமநிலை உள்ளவர் என்று புகழுகிறோம். சமநிலை என்பது தராசைச் சார்ந்த சொல். தராசின் இரு தட்டுகளும் சமமாய் நிற்பதால் மட்டும் வியாபாரம் நேர்மையாகிவிடாது. தட்டில் வைத்த கல் எத்தகையது என்று பார்க்க வேண்டும்.

முதலாவது ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுகிறேன். இரண்டு தொழில் செய்வது பாவமல்ல. கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரம் பண்ணினார். ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் பேசினார். நம் சபையிலும் பகலில் வங்கியிலும் மாலையில் தனிப்பயிற்சி வகுப்பிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் இருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் மென்பொருள் துறையில் இரட்டை வேலையைக் குறித்துப் பெரிய விவாதம் எழுந்தது. போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்தார்கள் என்று ஒரே நிறுவனத்தில் 300 பேர் நீக்கப்பட்டார்கள். அந்த விவாதத்தில் நான் தலையிடவில்லை. வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் எவ்வளவு அழுத்துகின்றன என்று எனக்குத் தெரியும். உபரி வருமானம் தேடுகிறவரை நான் கண்டிக்கவில்லை. எதை விற்று அந்த வருமானத்தைத் தேடுகிறார் என்று கேட்கிறேன்.

டாரட் என்பது என்ன? பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில், பணம் படைத்த குடும்பங்கள் பொழுதுபோக்குக்காக விளையாடிய சீட்டாட்டம். மிலான் பிரபுக்களுக்காகக் கையால் தீட்டப்பட்ட சீட்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மொத்தம் 78 சீட்டுகள். அவற்றில் 22 மட்டும் சூரியன், மரணம், கோபுரம் போன்ற உருவங்கள் கொண்ட துருப்புச் சீட்டுகள். பிரான்சில் இன்றும் மக்கள் அதைச் சாதாரணச் சீட்டாட்டமாக ஆடுகிறார்கள். ஆகவே, அந்தப் படங்களைக் கண்டு நடுங்க வேண்டிய அவசியமில்லை.

அதை மறைபொருள் நூலாக மாற்றியது யார் என்பதைக் கேட்டால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கும். 1781-ஆம் ஆண்டில் அந்துவான் கூர் தெ ஜெபலன் என்னும் பிரெஞ்சு அறிஞர், இந்தச் சீட்டுகள் பண்டைய எகிப்திய ஆசாரியரின் இரகசிய ஞானத்தைத் தாங்கியவை என்று எழுதினார். ஆதாரம் எதுவும் காட்டவில்லை. காட்டவும் முடியாது, எகிப்திய எழுத்தைச் சாம்போலியன் படித்தறிந்தது 1822-இல்தான். இந்தக் கூர் தெ ஜெபலன் யார்? புராட்டஸ்டண்டுப் போதகராக அபிஷேகம் பெற்றவர். அவருடைய தகப்பனார், கடும் உபத்திரவ காலத்தில் பிரான்சின் சீர்திருத்த சபையைத் திரும்பக் கட்டியெழுப்பிய பெரிய ஊழியர். மந்திரவாதியின் குகையிலிருந்து வந்ததென்று நாம் நினைக்கிற பொய், ஒரு போதகரின் மேசையிலிருந்து புறப்பட்டது. இதை மறவாதிருங்கள்; பின்னால் இதற்குத் திரும்பி வருவேன். அவருக்குப் பின் சில ஆண்டுகளில் எத்தெய்யா என்ற புனைபெயரில் ஒருவர் அதைப் பலன் சொல்லும் தொழிலாக்கினார். இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் படங்கள் 1909-இல் இலண்டனில் வெளியானவை. அவற்றை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண் ஓவியர். அவருக்குக் கிடைத்தது சொற்பக் கூலி. 1951-இல் கடனோடே மரித்தார். எதிர்காலத்தை அறிவிக்கும் என்று இலட்சக்கணக்கானோர் நம்பும் படங்கள், அவற்றை வரைந்தவருக்கு அவருடைய எதிர்காலத்தை அறிவிக்கவில்லை.

சகோதரி இதையெல்லாம் அறிந்தவர். "ஐயா, நான் எதிர்காலத்தைச் சொல்லுவதில்லை. அது ஒருவகை உளவியல். வருகிறவர்கள் மனந்திறந்து பேச ஒரு வழி. சாவு, நோய் பற்றி யார் கேட்டாலும் மறுத்துவிடுவேன்" என்றார். அவர் நல்ல மனதோடு அதைச் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் உளவியலின் பேரைச் சொன்னால், உளவியல் சொல்லுவதையும் கேட்க வேண்டும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் தம் மாணவர் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பின்பு ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பெயரிட்ட முடிவுத்தாளைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிடச் சொன்னார். சராசரி 5-க்கு 4.26. அதன்பின்தான் எல்லாத் தாள்களிலும் எழுதியிருந்தது ஒன்றே என்று வெளிப்படுத்தினார். பெரும்பாலான வாக்கியங்கள் கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. யாருக்கும் பொருந்தும் வாக்கியத்தை, "இது உனக்கே உரியது" என்று கொடுத்தால், கேட்கிறவர் கண்கலங்கி ஏற்றுக்கொள்வார். அதை உளவியல் சிகிச்சை என்று சொல்லக்கூடாது.

இப்போது, அவரை என்னிடம் வரச்செய்த சம்பவத்தைச் சொல்லுகிறேன்.

ஒரு சனிக்கிழமை மாலை, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் பலன் கேட்க இணைந்தார். சகோதரியின் வழக்கப்படி கேமரா மேசைமேல் இருக்கும் சீட்டுகளை மட்டுமே காட்டும். அவர் முகம் தெரியாது. வந்தவரின் முகமோ நன்றாகத் தெரிந்தது. அவர் சகோதரியின் நிறுவனத்திலேயே வேறொரு பிரிவில் வேலை செய்பவர். முந்தின நாள், வெள்ளிக்கிழமை பிற்பகலில், வேலையிலிருந்து நீக்கப்பட இருப்போரின் பட்டியல் சகோதரியின் கைக்கு வந்திருந்தது. அதில் அந்த மனிதரின் பெயர் இருந்தது. அவர் கேட்ட கேள்வி: "ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டப்போகிறேன். என் வேலை நிலைக்குமா?"

சகோதரி சீட்டு எடுத்தார். வந்தது சூரியன். டாரட் முறையின்படி அது மகிழ்ச்சிக்கும் வெற்றிக்கும் உரிய சீட்டு.

பிரியமானவர்களே, அந்த இடத்தில் உங்களை நிறுத்திப் பாருங்கள். சீட்டின்படி "நிலைக்கும்" என்று சொன்னால், அந்தக் குடும்பம் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கடன்குழியில் விழும். "நிலைக்காது" என்று சொன்னால், அலுவலகம் நம்பி ஒப்படைத்த இரகசியத்தை விற்றதாகும். அவர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார். "இப்போது பெரிய செலவு வேண்டாம், மூன்று மாதம் பொறுங்கள் என்று சீட்டு சொல்லுகிறது" என்றார். சீட்டு அப்படிச் சொல்லவில்லை, பட்டியல்தான் சொல்லியது.

அந்த மனிதர் முன்பணம் கட்டவில்லை. மூன்று வாரத்தில் வேலை போயிற்று. அவர் என்ன செய்தார் தெரியுமா? சகோதரிக்கு நன்றி கூறி நீண்ட செய்தி அனுப்பினார். சீட்டு தன் குடும்பத்தைக் காப்பாற்றியது என்று நண்பர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த வாரமே புதிதாக ஐந்து பேர் பலன் கேட்க வந்தார்கள். அன்று முதல் தமக்கு நித்திரை இல்லை என்றார் சகோதரி.

"நல்லதுதானே நடந்தது?" என்று உங்களில் ஒருவர் கேட்பீர்கள். கெட்டது வராமல் தடுத்தது மெய்தான். ஆனால் அந்த மனிதரின் கையில் மீந்தது என்ன? சீட்டு பலிக்கும் என்ற உறுதி. நாளை தன் பிள்ளையின் மருத்துவத்திற்கும் தன் திருமணத்தின் பிரச்சினைக்கும் அவர் சீட்டைத்தான் கேட்பார். அன்று அந்த மேசையின் மறுபக்கத்தில் பட்டியலை வைத்திருக்கும் ஆள் இருக்கமாட்டார். ஒரு மெய்யைக் கொண்டு ஒரு பொய்க்கு நற்சான்று வழங்கப்பட்டது.

பிலிப்பியில் பவுலுக்குப் பின்னால் கூவிக்கொண்டு வந்த அந்தப் பெண்ணை நினைவுகூருங்கள். அவள் சொன்ன ஒரு வார்த்தையும் பொய்யல்ல. இவர்கள் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர் என்று உள்ளதைத்தான் சொன்னாள். ஆகிலும் பவுல் அந்தச் சாட்சியை ஏற்கவில்லை. சொன்னது பலித்தது, சொன்னது சரியாயிருந்தது என்பது, சொன்ன வழியை நியாயப்படுத்தாது என்பதே அவர் நிலை. அந்த ஆவி அவளை விட்டு நீங்கியபோது அவளுடைய எஜமான்கள் எதற்காகக் கோபங்கொண்டார்கள்? லூக்கா மறைக்காமல் எழுதுகிறார்: வருமானம் போயிற்று என்பதற்காக. நீதிபதிகளிடம் போனபோதோ வருமானத்தைப் பற்றிப் பேசவில்லை. பட்டணத்தின் ஒழுங்கு, ரோமரின் முறைமை என்று பேசினார்கள். பணம் பேசுகிற இடத்தில் பெரிய வார்த்தைகள் திரையாய்த் தொங்கும். "உளவியல்", "மனநலம்", "உள்ளொளி" ஆகியவை நம் காலத்தின் திரைகள்.

இப்போது உபாகமம் 25-க்கு வாருங்கள். ஒரே பையில் பெரிதும் சிறிதுமாய் இரண்டுவித நிறைகற்களை வைத்திருக்கக் கர்த்தர் தடைசெய்கிறார். வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது வேறொரு கல். நம் சகோதரியின் அலுவலகத்தை எண்ணிப்பாருங்கள். திங்கட்கிழமை ஒருவரை வேலைக்கு எடுக்க வேண்டுமானால் சான்றிதழ், அனுபவக் கடிதம், இரண்டு நேர்காணல், முந்தைய நிறுவனத்தின் உறுதிமொழி எல்லாம் வேண்டும். "அவரைப் பார்த்தவுடன் சூரியன் சீட்டு வந்தது" என்று யாராவது குறிப்பு எழுதினால் அவரே கிழித்துப்போடுவார். சனிக்கிழமையோ, அதே மனிதரின் வாழ்க்கையைக் குறித்து, கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டைக் கொண்டு கூலி வாங்குகிறார். நிறுவனத்தின் பணத்தை நிறுக்க ஒரு கல்; அயலானின் உயிரை நிறுக்க வேறொரு கல். அதிலும் அயலானுக்கு வைத்தது இலேசான கல். இந்த ஏற்பாட்டுக்குத்தான் சமநிலை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எபிரெய மூலத்தில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. குறிசொல்லுதலைத் தடைசெய்யும் உபாகமம் 18-ஆம் அதிகாரத்திலும், கள்ள நிறையைத் தடைசெய்யும் 25-ஆம் அதிகாரத்திலும் கர்த்தர் அதை வெறுக்கிறார் என்பதற்கு ஒரே சொல் வருகிறது: தோஏவா, அருவருப்பு. குறி சொல்லுவதை ஆவிக்குரிய பாவமென்றும், கள்ள நிறையை வியாபாரப் பாவமென்றும் நாம் தனித்தனி அலமாரிகளில் அடுக்கியிருக்கிறோம். வேதம் அவற்றை ஒரே அலமாரியில் வைக்கிறது. இரண்டிலும் ஏமாறுகிறவன் நம்பி வந்த அயலான்.

இங்கே நம்மில் பலர், "நாங்கள் இந்தப் பக்கமே போனதில்லை" என்று நெஞ்சு நிமிர்த்தலாம். கடற்கரையில் கிளி ஜோசியரைக் கண்டால் நகைக்கிறோம். கூண்டிலிருந்து கிளி வந்து ஒரு சீட்டை எடுத்தால் அது மூடநம்பிக்கை. குளிரூட்டிய அறையில் ஆங்கிலம் பேசுகிறவர் எடுத்தால் அது ஆலோசனை. இந்த வேறுபாட்டை நமக்குக் கற்றுக்கொடுத்தது வேதமல்ல, நம் வர்க்க அகந்தை.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நம் ஆலயத்தில் என்ன நடக்கிறது? ஒரு கூடையில் வாக்குத்தத்த அட்டைகளைக் குவித்து வைக்கிறோம். நீங்கள் வரிசையில் வந்து, கண்ணை மூடி, ஜெபித்து, ஒன்றை எடுக்கிறீர்கள். வந்த வசனத்தைப் பார்த்துச் சிலர் அழுகிறீர்கள். சிலர் முகம் வாடித் திரும்பவும் ஒன்று எடுக்கிறீர்கள். பல ஆண்டுகளாக அந்தக் கூடையைப் பிடித்து நின்றவன் நான். பாபிலோனில் சிறைப்பட்டிருந்த ஜனத்திற்குச் சொன்ன வசனத்தை, வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைக்கு "இது இவ்வருஷத்தில் உனக்கே" என்று கொடுத்தேன். யாருக்கும் பொருந்தும் வாக்கியத்தைப் பெயர் சொல்லிக் கொடுப்பது என்று சற்றுமுன் நான் கண்டித்தது எது? அந்தச் சகோதரி என் முகத்தைப் பார்த்து, "ஐயா, சின்ன வயதிலிருந்து நான் அட்டை எடுத்துப் பழகினது நம் சபையில்தானே?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, சாந்தமாகவே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சீட்டாட்டத்திற்குத் தெய்வ வாக்கின் வேஷம் போட்டவர் ஒரு போதகர் என்று மேலே எழுதினேன். நானோ தெய்வ வாக்கைச் சீட்டாக்கினேன்.

வாக்குத்தத்தங்கள் மெய்யானவை. அவை உடன்படிக்கையின் ஜனத்திற்குத் தரப்பட்டவை. குலுக்கல் முறையில் பங்கிடப்படுபவை அல்ல. முழு அதிகாரத்தையும் வாசித்து, அழுது, கீழ்ப்படிந்து பெற்றுக்கொள்ள வேண்டியதை, ஒரு விநாடியில் கூடையிலிருந்து எடுத்துக்கொள்ள உங்களைப் பழக்கினேன். அதற்காக உங்களிடத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சகோதரி சொன்னார். அவரிடம் பலன் கேட்க வருகிறவர்களில் கிறிஸ்தவர்கள் குறைவல்ல. பெரும்பாலானோரின் கேள்வி வேலையைப் பற்றியது. ஏன் சபைக்கு வரவில்லை? "சபையில் சொன்னால் மறுநாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். சீட்டுக்காரியிடம் சொன்னால் வெளியே போகாது." இதை வாசித்தபின் தூங்கக்கூடுமானால் தூங்குங்கள். எந்தோரில் இருந்த குறிசொல்லும் ஸ்திரீயிடத்தில் சவுல் இரவில் போனான். அது பாவமே. ஆனால் நாள் முழுதும் சாப்பிடாமல் தரையில் விழுந்துகிடந்த அவனுக்கு அப்பம் சுட்டு, கொழுத்த கன்றை அடித்து, வருந்தி உண்ணச்செய்தவளும் அவளே. நம் நடுவில் வேலையிழந்தவர் எத்தனை பேருக்கு நாம் ஒருவேளை சோறு போட்டோம்? "இப்போது எந்தக் கம்பெனி?" என்று ஆலய வாசலில் கேட்டுக் கேட்டு, அவர்கள் வராதபடி செய்தோம்.

ஆகவே சிலவற்றைத் தெளிவாகச் சொல்லி முடிக்கிறேன்.

சீட்டு பார்க்கிறவர்களே: இரண்டையும் சமநிலைப்படுத்த முயலாதிருங்கள். விட்டுவிடுங்கள். மக்கள் பேசுவதைப் பொறுமையாய்க் கேட்கும் வரம் உங்களுக்கு இருக்குமானால், அது பெரிய வரம். அதற்கு முறையாகப் பயிற்சி பெறுங்கள், சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு செய்யுங்கள். சீட்டு இல்லாமல் கேட்க முடியாதென்றால், கேட்பது உங்கள் வரமல்ல.

சீட்டு கேட்கப் போகிறவர்களே: வேலை நிலைக்குமா என்ற பயத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு மேசைமேல் பதில் இல்லை. ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு உண்டா, துறையின் நிலை என்ன, மனைவியோ கணவனோ இதை அறிவாரா என்று உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவரே போதித்தாரே.

சபையே: வருகிற டிசம்பர் 31 இரவு நம் ஆலயத்தில் வாக்குத்தத்தக் கூடை இராது. சபைக் குழுவில் இதற்கு எதிர்ப்பு இருக்கிறது என்று அறிவேன், அவர்களோடு பேசுவேன். அதற்குப் பதிலாக ஒரு சங்கீதத்தை முழுவதுமாகச் சேர்ந்து வாசிப்போம். மேலும், அடுத்த மாதம் முதல் புதன்கிழமை மாலை ஆறு மணி தொடங்கி நான் ஆலய அறையில் இருப்பேன். வேலையிழந்தவர்களும் இழக்கப் பயப்படுகிறவர்களும் வரலாம். சொன்னது வெளியே போகாது. போனால் என்னைப் போதகன் என்று அழையாதிருங்கள்.

அந்தச் சகோதரி, முன்பதிவு செய்திருந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். வேலையிழந்த அந்த மனிதருக்கு உண்மையை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியாமல் தவிக்கிறார். அலுவலகத்திற்கும் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கலாம். அதனால் அவர் வேலைக்கே ஆபத்து வரலாம். அவருக்காக ஜெபியுங்கள். பெயர் தெரியாமலே ஜெபியுங்கள். கர்த்தருக்குப் பெயர் தெரியும்.

ஜெபம்: நீதியுள்ள நியாயாதிபதியாகிய கர்த்தாவே, எங்கள் பையைச் சோதித்தருளும். அயலானுக்கு ஒன்றும் எங்களுக்கு ஒன்றுமாக நாங்கள் மறைத்துவைத்திருக்கும் கற்களை எடுத்துப்போடும். நாளைய தினத்தை அறியாதிருக்கும் பயத்தில் உம்முடைய கரத்தைப் பற்றிக்கொள்ளவும், பயந்திருக்கிறவனுக்கு வாசலைத் திறந்து வைக்கவும் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.